பாராட்டு வேண்டாம், பதிவு வேண்டும்



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ‘வளரும் தொழில்நுட்பத்தில் மாணவியர் பங்கு’ என்ற கட்டுரை. இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். படித்தால் எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் எலக்ட்ரிக்கல் மூன்றாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வீடு ராயபுரத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. என் பெயர் தெரியாதவர்களுக்கும் ‘டெய்லி லேட்டா வருமே, அந்தப் பொண்ணு’ என்றால் தெரியும். அந்த லேட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2024 ஐப்பசியில் எங்கள் நைனாவுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பி லுங்கியை மாற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோரம் சரிந்தார். ஸ்டான்லிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறல். அன்றைக்கு எனக்கு மூன்றாவது செமஸ்டர், தேர்வுக்கு மூன்று வாரம்.

அம்மா மீன் விற்கிறவர். ராத்திரி இரண்டரைக்கு எழுந்து காசிமேடு போய், ஏலத்தில் கூடை எடுத்து, தண்டையார்பேட்டைப் பக்கம் தெருத் தெருவாக விற்று, வீடு வரும்போது பதினொன்று ஆகிவிடும். அது நின்றால் அடுப்பு நிற்கும். ஆகவே இரண்டரையிலிருந்து நான் கிளம்புகிற வரைக்கும் வீடு என் பொறுப்பு. ராத்திரி ஒருமுறை எழுந்து நைனாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஐந்து மணிக்குத் தண்ணீர். பத்துக் குடம், மூன்று மாடி. பிறகு யூரின் பாட்டில், பல் விளக்குதல், சவரம், உடம்பு துடைத்தல், துணி மாற்றுதல். இட்லியைப் பாலில் கரைத்துக் கரண்டியால் ஊட்ட வேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். பிரஷர் மாத்திரை. பிசியோதெரபி மேடம் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்கி இருபது தடவை. நடுவில் ஒன்பதாவது படிக்கிற தம்பிக்கு டிபன். எட்டரைக்குப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடி வந்தால் முதல் பீரியட் பாதியில் இருக்கும்.

நைனாவைக் குளிப்பாட்டுவது பற்றி எழுத மாட்டேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம். முதல் வாரம் இரண்டு பேருமே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அந்த செமஸ்டரில் வருகை குறைந்தது. அடுத்ததில் இன்னும் குறைந்தது. ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நைனாவின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

“மெடிக்கல் சர்ட்டிபிகேட் யார் பேர்ல இருக்கு?”

“எங்க நைனா பேர்ல சார்.”

“அப்ப அவருக்குத்தானே லீவு வேணும்? உனக்கு எதுக்கும்மா?”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? கேட்டவர் கெட்டவர் இல்லை. விதி அப்படி. என் உடம்புக்கு வந்தால் மன்னிப்பு உண்டு. நான் பார்த்துக்கொள்கிற உடம்புக்கு வந்தால் கிடையாது. வெளியே வந்ததும் ஒரு சீனியர் காதில் சொன்னார், இருநூறு ரூபாய் கொடுத்தால் என் பெயரிலேயே மஞ்சள் காமாலை என்று எழுதித் தருகிற ஒரு இடம் இருக்கிறதாம். யோசித்துப் பாருங்கள். வராத காமாலைக்குப் பதிவேட்டில் இடம் உண்டு, வந்த பக்கவாதத்துக்கு இல்லை! நான் அங்கே போகவில்லை. நல்லவள் என்பதால் அல்ல, கையில் இருநூறு ரூபாய் இல்லை. கடைசியில் கெஞ்சிக் கூத்தாடி, அபராதம் கட்டி, மயிரிழையில் தப்பித்தேன்.

தெருவில் எனக்கு நல்ல பெயர். “பொண்ணுன்னா இப்படி இருக்கணும்” என்பார்கள். “உங்க நைனா போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணிருக்காரு” என்பார்கள். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பத்துக் குடத்தில் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு இதைச் சொன்னவர் ஒருத்தரும் இல்லை. பாராட்டு என்பது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிற ஒரு முறை என்று அப்போதே எனக்குப் பட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதற்கான வார்த்தைகள் பிறகுதான் கிடைத்தன, அதுவும் வேறு ஒரு படிப்பிலிருந்து.

போன வருஷம் தை மாதம் எங்கள் தெருவுக்குக் களப்பணிக்காக ஒரு அக்கா வந்தார். எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் என்று ஒரு கல்லூரி இருக்கிறது, 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் தொடங்கியது. அங்கே எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவர். (சமூக சேவைக்கும் ஒரு டிகிரியா என்று நான் மனசுக்குள் சிரித்தேன். மோட்டார் வைண்டிங்குக்கு டிப்ளமாவா என்று எங்கள் ஆயா கேட்ட மாதிரி!) அக்கா நைனாவிடம் எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்துவிட்டு, நோட்டை மூடி, என்னைப் பார்த்து, “நீ எப்பம்மா தூங்குவ?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மூன்று மாதமாக அதை யாருமே கேட்கவில்லை, நான் உட்பட.

அதன்பிறகு அவர் தன் வகுப்புக் குறிப்புகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். டிக்ஷனரியை வைத்துக்கொண்டு நைனாவுக்கு விரல் மடக்கும் நேரத்தில் படித்தேன். எல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. எரிக்சன் என்கிறவர் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை ‘நான் யார்’ என்று தேடுகிற வயசு என்கிறார். தேடலாம், தண்ணீர் லாரி போன பிறகு! ஆனால் மூன்று பேர் சொன்னது என் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது மாதிரி இருந்தது.

ஒருவர் யூரி பிரான்ஃபென்பிரென்னர். மாஸ்கோவில் பிறந்து சின்ன வயசிலேயே அமெரிக்கா போனவர். 1979-ல் வந்த அவருடைய புத்தகம், ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தனியாகப் பார்க்காதே, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கிற வட்டங்களோடு சேர்த்துப் பார் என்கிறது. அவர் ரஷ்யப் பொம்மையை உதாரணம் சொன்னார். நமக்கு எவர்சில்வர் டப்பா செட். நடுவில் இருக்கிற சின்ன டப்பா நான். அடுத்தது வீடு, தெரு, வகுப்பு. அதற்கு வெளியே ஒரு டப்பா இருக்கிறது. பிள்ளை அங்கே கால் வைத்ததே இருக்காது, ஆனால் அவள் தலையெழுத்தை எழுதுவது அதுதான்.

இதைப் படித்ததும் எனக்கு நிலக்கரி ஞாபகம் வந்தது. நைனா ஆரம்பத்தில் சென்னைத் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் லோடுமேன். மூட்டை ஏற்றுவார், கரி லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவார். 2011-ல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவினால் அங்கே நிலக்கரி இறக்குவது நின்றது, சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்கு (இப்போது காமராஜர் துறைமுகம்) போயிற்று. அந்த உத்தரவு தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். அதற்கு முன்னால் ராயபுரத்தில் மாடியில் வெள்ளைத் துணி காயப் போட முடியாது என்று அம்மா சொல்வார். எங்கள் நெஞ்சுக்கு நல்லது நடந்தது. ஆனால் கரி போன இடத்துக்குப் பின்னாலேயே நைனாவும் போனார். எண்ணூரில் கொஞ்ச காலம், அப்புறம் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு, அப்புறம் வேறு ஒரு கான்ட்ராக்டர். ஆள் மாற மாறப் பழைய சர்வீஸ் எல்லாம் காற்றோடு போயிற்று. விழுந்த அன்றைக்கு அவர் பெயரில் ஈ.எஸ்.ஐ. இல்லை, பி.எஃப். இல்லை. இருந்திருந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் வைத்திருக்கலாம், நான் முதல் பீரியடுக்கு வந்திருப்பேன். 2011-ல் எனக்கு மூன்று வயசு. உத்தரவு போட்டவர்களுக்கு நான் பிறந்ததே தெரியாது, எனக்கும் அவர்கள் யாரென்று தெரியாது. என் வருகைப் பதிவேட்டில் இருக்கிற சிவப்பு மையில் அந்தக் கரியும் கொஞ்சம் கலந்திருக்கிறது!

இரண்டாமவர் பெயரை வாயில் நுழைக்க ஒரு நாள் ஆனது: இவான் போசோர்மேனி நாட்ஜ். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்கா போன மனநல மருத்துவர். 1973-ல் ஜெரால்டின் ஸ்பார்க் என்பவரோடு சேர்ந்து குடும்ப விசுவாசங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பிள்ளையே பெற்றோருக்குப் பெற்றோராகிவிடுகிற நிலைமைக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மூத்த பெண் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சோறு வடிக்காத வீடு ராயபுரத்தில் எங்கே இருக்கிறது? அப்படிப் பார்த்தால் திருவொற்றியூர் வரைக்கும் எல்லோருமே நோயாளிதானா? வெள்ளைக்காரர் வீட்டு அளவுகோலைக் கொண்டுவந்து நம் வீட்டை அளந்தால் எல்லாம் கோணலாகத்தான் தெரியும்.

அக்காவிடம் அப்படியே கேட்டுவிட்டேன். “கோபப்படு, ஆனா முழுசா படிச்சிட்டு கோபப்படு” என்றார். முழுசாகப் படித்தேன். பிள்ளை கொடுப்பது தப்பு என்று அவர் சொல்லவே இல்லை. கொடுப்பது பிள்ளைக்கே நல்லதாகவும் இருக்கலாம் என்கிறார். ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் ஒரு கணக்குப் புத்தகம் ஓடுகிறது, யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று. பிள்ளை கொடுத்தது அதில் வரவு வைக்கப்படுகிறதா என்பதுதான் கேள்வி. வரவு வைத்தால் பிள்ளை நிமிர்ந்து வளரும். வைக்காமலே வாங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கடனைப் பிள்ளை பிற்காலத்தில் வேறு யாரிடமோ வசூல் பண்ணும்.

அண்ணாச்சி கடை நோட்டு மாதிரி! நைனா என் கணக்கை எழுதுகிறார், அது எனக்குத் தெரியும். இடது கையால் என் தலையைத் தொட்டு ஏதோ குழறுவார், புரியாவிட்டாலும் அது வரவு. அம்மா விற்காமல் எடுத்து வைக்கிற ஒரு துண்டு வஞ்சிரம் வரவு. எழுதாமல் இருப்பது வெளியில்தான். ‘உன் கடமைதானே’ என்று சொல்கிற இடமெல்லாம் என் சரக்கை வாங்கிக்கொண்டு நோட்டில் எழுதாத இடம்.

நம் எலக்ட்ரிக்கல் பசங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மூன்று ஃபேஸ் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போய்விட்டால் என்ன ஆகும்? உடனே நிற்காது. மீதி இரண்டு ஃபேஸில் ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் ஷாஃப்ட் சுற்றுகிறது, எல்லாம் சரி. கிட்டே போய்க் காதை வைத்தால்தான் அந்த முனகல் கேட்கும். இரண்டு ஃபேஸிலும் கரண்ட் ஏறி, வைண்டிங் சூடாகி, ஒரு நாள் கருகிய வாசனை வந்த பிறகுதான் ஆள் ஓடி வருவான். எங்கள் வீட்டில் ஒரு ஃபேஸ் போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. அம்மாவும் நானும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சுற்றுகிற ஷாஃப்டைப் பார்த்துத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

கருகிப் போன கதை ஒன்றும் நம் கல்லூரியிலேயே இருக்கிறது.

மெக்கானிக்கலில் ஒரு பையன், போன வருஷம் பாதியில் நின்றுவிட்டான். பெயர் எழுத மாட்டேன். எண்ணூர்ப் பக்கம். ‘அவன் ஊர் சுத்தறவன், காலேஜுக்கு வர மாட்டான்’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாத்திரைப் பையும் பிளாஸ்கும் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். போக வர, வரிசையில் நிற்க எல்லாம் சேர்த்தால் முழு நாள் போய்விடும். அப்பா கழிமுகத்தில் மீன் பிடித்தவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படர்ந்ததே, அதில் வலையும் படகும் கருப்பாகி, வேறு கரைக்கு வேலை தேடிப் போனவர் போனவர்தான். மாதம் ஒருமுறை பணம் வரும். அம்மாவோடு போக வேறு ஆள் இல்லை.

கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு ஐந்து நாளில் இரண்டு நாள் போனால் மீதி அறுபது சதவீதம். நம் விதி எவ்வளவு கேட்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு நாள்கூட ஊர் சுற்றாமல், ஒரு சினிமாகூடப் பார்க்காமல், அவன் தோற்றுப் போகும்படி கணக்கு முன்கூட்டியே போட்டு வைக்கப்பட்டிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இலவசம், நல்ல விஷயம். கூட வருகிற ஆள் இலவசமாக எங்கிருந்து வருவார் என்பதை யாரும் கேட்கவில்லை.

என்னையாவது ‘பொறுப்பான பொண்ணு’ என்றார்கள். அவனுக்கு அந்தப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. பையன் அம்மாவுக்குச் சேலை துவைப்பான் என்று யாருக்குத் தோன்றும்? அவனும் சொல்ல மாட்டான், கேலி பண்ணுவார்கள் என்று. மத்திய அரசு 2019-ல் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97. வீட்டில் உள்ளவர்களைக் கவனித்துக்கொள்வதில் 134 நிமிடம், 76 நிமிடம். பெண்களுக்கு அதிகம் என்பது தெரிந்த கதைதான். அந்த 76-க்குள் இவனை மாதிரி எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் யோசிக்கிறேன். இப்போது அவன் மணலி ரோட்டில் டிரெய்லர் லாரியில் கிளீனர்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை இங்கிலாந்தில் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். 1993-ல் ஜோ ஆல்ட்ரிட்ஜ், சால் பெக்கர் என்ற இருவர் நாட்டிங்ஹாம் நகரத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பேசி எழுதினார்கள். 2014-ல் சட்டமே வந்தது: பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் யாரையாவது பராமரிக்கிறது என்றால், அதற்கு என்ன உதவி தேவை என்று உள்ளூர் நிர்வாகம் பார்த்தாக வேண்டும். பெக்கரும் கூட்டாளிகளும் இருபது வாக்கியங்களில் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது, கஷ்டத்தை மட்டும் கேட்காமல் நல்லதையும் கேட்பதுதான். மன அழுத்தமாக இருக்கிறதா என்றும் கேட்கும், நல்ல காரியம் செய்வதாகத் தோன்றுகிறதா என்றும் கேட்கும். எனக்கு இரண்டுக்குமே ஆமாம்தான்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பராமரிப்பவர் என்பதற்கு விளக்கம் இருக்கிறது: சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், குடும்பத்தினரும் அதில் சேர்த்தி. வயது என்ன என்று அதில் போடவில்லை, ஆகவே நானும் அதில் ஒருத்தி என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் மாநிலத்தில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரையும் பிசியோதெரபியும் கொண்டுவருகிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவராலும் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கும் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. கட்டாயம் வேண்டிய திட்டம். ஆனால் என் அம்மா, நைனா இரண்டு பேருமே இருக்கிறார்கள், இருக்க வேண்டும் என்றுதான் நானும் தினம் எழுகிறேன். எனக்குப் பதினெட்டும் ஆகிவிட்டது. இழந்த பிள்ளையைக் கண்டுபிடிக்கத் தெரிகிறது. இழக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளை எந்தக் கட்டத்துக்குள்ளும் வருவதில்லை.

இவ்வளவு படித்துவிட்டு ஒருநாள் நைனா பக்கத்தில் உட்கார்ந்து, “நைனா, என்ன மாதிரி இருக்கறவங்களுக்கு இங்கிலாந்துல ஒரு பேரே வச்சிருக்காங்க” என்று பெருமையாக ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்துக் குழறிக் குழறிச் சொன்னார், “அப்ப... எனக்கு... இன்னா பேரு?”

எனக்குச் சுருக்கென்றது. என்னைச் சுமக்கிறவள் என்று சொன்னால் அவர் சுமை என்று ஆகிறதே!

அக்காவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. 1995-லேயே லாயிஸ் கீத், ஜென்னி மாரிஸ் என்ற இரண்டு பெண்கள் இதையே எழுதிவிட்டார்களாம். இரண்டு பேருமே ஊனத்தோடு வாழ்கிறவர்கள், தாய்மார்கள். ‘பாவம் இந்தப் பிள்ளைகள்’ என்று எல்லோரும் பிள்ளையைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறீர்கள். அந்தத் தாய்க்கோ தகப்பனுக்கோ சேர வேண்டிய உதவியைக் கொடுத்திருந்தால் பிள்ளை ஏன் அதைச் செய்யப் போகிறது என்பது அவர்கள் வாதம். அதற்கும் பின்னால் மைக் ஆலிவர் என்பவர் இருக்கிறார், நான் சொன்ன மூன்றாமவர் இவர்தான். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே பேராசிரியரானவர். 1983-ல் சமூகப் பணியாளர்களுக்காக எழுதிய புத்தகத்தில் அவர் சொன்னது: ஒருவரை முடக்குவது அவர் உடம்பு அல்ல, அந்த உடம்புக்கு இடம் வைக்காத கட்டடமும் ஏற்பாடுகளும்தான்.

இது எனக்குப் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நைனாவை வீட்டுக்குள் அடைத்து வைத்திருப்பது அவர் வலது கால் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை! ஐம்பத்து நான்கு படிக்கட்டு. தரைத்தளத்தில் வீடு இருந்தால் இடது கையில் ஊன்றுகோலோடு வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார். நான் பத்துக் குடத்தை மூன்று மாடி தூக்க வேண்டியதில்லை. ஐந்தே காலுக்கு எழுந்தாலும் முதல் பீரியடுக்கு வந்துவிடலாம். அவருக்குச் செய்வதுதான் எனக்கும் செய்வது. இரண்டும் ஒரே வேலை. என் மேல் பரிதாபப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு என் கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. வருகைக் குறைவுக்கு மனு கொடுக்கும்போது பெற்றோரின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஒரு சான்றாக வைக்க இடம் கேளுங்கள். விதியை மாற்றுவது முதல்வர் கையில் இல்லை என்பார்கள். சிபாரிசு எழுதி மேலே அனுப்புவது அவர் கையில் இருக்கிறது. லேப் பேட்ச் பிரிக்கும்போது ரோல் நம்பர்படியேதான் பிரிக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை, காலையில் வீட்டு வேலை இருக்கிறவர்களுக்கு மதியம் பேட்ச் கொடுக்கலாம், அதற்கு மேலிடத்து உத்தரவு தேவையில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் நம்மில் எத்தனை பேர் இப்படி என்று தெரிய வேண்டும். நம்பிக்கையான ஒரு மேடம் அல்லது சாரிடம் ஒரு நோட்டு இருக்கட்டும், பெயர் வெளியே வராமல். அந்த மெக்கானிக்கல் பையன் பெயர் அப்படி ஒரு நோட்டில் இருந்திருந்தால், நின்று போன பிறகாவது ஒருத்தர் அவன் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, அவனைத் திரும்பச் சேர்க்க வழி உண்டா என்று சங்கச் செயலாளர் விசாரிக்கலாம். முகவரி என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று. நம் என்.எஸ்.எஸ். வருஷா வருஷம் கிராமத்துக்குப் போய் ஏழு நாள் ரோடு கூட்டுகிறது. நல்லது. ராயபுரமும் பஸ் ஏறினால் வருகிற ஊர்தான் என்று நான் ஒரு கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான்கு பேர் மட்டும், எங்கள் வகுப்புப் பையன்கள், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கதவைத் தட்டினார்கள். “சார ஒரு தபா பீச்சுக்கு இட்டுனு போலாமா?” என்றார்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் நைனாவை உட்கார வைத்து, துண்டால் இடுப்பைக் கட்டித் தூக்கினார்கள். முதல் திருப்பத்திலேயே ஒருவன் தடுமாறிச் சுவரில் இடித்துக்கொண்டான்.

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இருபது வருஷம் மூட்டை தூக்கினவர் அல்லவா? இடது கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். முட்டியை மடக்கு, முதுகை வளைக்காதே, இறங்கும்போது முன்னால் இருக்கிறவன் உயரமானவனாக இருக்கணும், மூச்சை விட்டுக்கொண்டே தூக்கு, எல்லோரும் ஒரே குரலுக்கு... குழறலில் பாதி எனக்கே புரியவில்லை. அந்தப் பசங்களுக்கு எப்படியோ புரிந்தது. ஆளை மாற்றி நின்றார்கள். அவர் “ஹூம்” என்று குரல் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். ஐம்பத்து நான்கு படி. அதற்கப்புறம் ஒரு இடியும் இல்லை.

கல் கொட்டின கரையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடலைவிடத் துறைமுகத்துக் கிரேன்களைத்தான் அதிகம் பார்த்தார்.

அந்த நால்வரில் ஒருவனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் டிரெயினிங் கிடைத்து ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். ஆகவே ஒரு ஆள் குறைகிறது. கொஞ்சம் உயரமானவராக இருந்தால் நல்லது, முன்பக்கம் பிடிக்க. ஞாயிறு சாயந்திரம் ஐந்து மணி. எலக்ட்ரிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் வந்து கேட்டால் வழி சொல்கிறேன். முதல் பீரியடில் வராதீர்கள், நான் இருக்க மாட்டேன்.